பொற்காசும் பொன்வண்டும்

சுசீந்திரத்துத் தெப்பக்குளத்தின் படிக்கட்டில் உட்கார்ந்துகொண்டு, ஒரு பத்து வயதுப் பையனிடம் நாணய சாஸ்திரத்தில் தோற்றுப் போவேன் என்று நான் எதிர்பார்க்கவில்லை. மார்கழித் திருவிழாக் கூட்டம் கலைந்து போயிருந்தது. குளத்து நடு மண்டபத்தின் நிழல் தண்ணீரில் அசைந்துகொண்டிருந்தது. படியோரத்தில் தட்டான்கள் தாழப் பறந்தன. என் தங்கையின் பேரன் சட்டைப் பையிலிருந்து ஓர் அட்டையை எடுத்து என் மடியில் வைத்தான். ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த உறவினர் யாரோ கொடுத்தது. அட்டையின் நடுவே ஒரு பெரிய நாணயம் பதித்திருந்தது. ஒரு பக்கம் ராணியின் தலை; மறு பக்கம், பச்சையும் சிவப்புமாக வர்ணம் தீட்டிய ஒரு வண்டு. அதன் கால்கள் ஆறையும் எண்ணிவிடலாம். அவ்வளவு திருத்தமான வேலை.

"பாட்டா, நம்ம ஊர்லயும் இப்படிப் பூச்சி போட்ட துட்டு அடிச்சிருக்காவளா?" என்று கேட்டான்.

"அடிக்காம இருப்பாவளா மக்கா? ராஜாக்கமாரு புலி, மீனு, யானை எல்லாம் போட்டிருக்காவளே" என்றேன்.

"அதெல்லாம் பூச்சியா பாட்டா?"

பேச்சு அத்துடன் நின்றது. ஆனால் கேள்வி நிற்கவில்லை. ஊர் திரும்பியதும் என் அலமாரியிலிருந்த நாணயப் புத்தகங்களை ஒவ்வொன்றாக இறக்கினேன். பையனுக்குச் சொல்ல வேண்டிய பதிலைத்தான் இங்கே வாசகர்களுக்குச் சொல்லப் போகிறேன்.

முதலில் அந்த அட்டை நாணயத்தைப் பற்றி. இளம் சேகரிப்பாளர்களுக்கு என்றே இப்படிப்பட்ட நாணயங்களை வெளியிடுவது இப்போது பல தேசத்து நாணயச் சாலைகளில் ஒரு தனி வியாபாரம். வண்ணத்துப்பூச்சி, வண்டு, தேனீ என்று வரிசை வரிசையாக வருகின்றன. கூடவே அந்தப் பூச்சி எதைத் தின்னும், எத்தனை நாள் வாழும் என்று குறிப்பும் இருக்கும். நாணயத்தின் மேல் ஒரு தொகை பொறித்திருக்கும். ஆனால் அந்தத் தொகைக்கு அதைக் கொடுத்து யாரும் மிட்டாய் வாங்க மாட்டார்கள், ஏனென்றால் அதை வாங்கவே அதைப்போலப் பல மடங்கு கொடுத்திருப்பார்கள். கை மாறாத காசு காசாகுமா என்பது எனக்குச் சந்தேகந்தான். வியர்வை படாமல், முந்தானையில் முடியப்படாமல், அரிசிப் பானைக்குள் ஒளித்து வைக்கப்படாமல் ஒரு நாணயம் இருப்பது, கல்யாணமாகாமலே அறுபதாம் கல்யாணம் செய்துகொண்டது போலத் தோன்றுகிறது.

இருந்தாலும் பூச்சிகள் எல்லாம் அட்டையில்தான் வாழ்ந்தன என்று எண்ண வேண்டாம். கடையில் செலவழிந்த பூச்சிகளும் உண்டு. இத்தாலியில் 1919 முதல் 1937 வரை அடித்த பத்து சென்டெசிமிச் செம்பு நாணயத்தில் பூவின் மேல் ஒரு தேனீ உட்கார்ந்திருந்தது. 1953-ல் வந்த இரண்டு லிரா நாணயத்திலும் தேனீதான். மால்ட்டா தீவு 1972-ல் தசம நாணயத்துக்கு மாறியபோது மூன்று மில் காசில் தேனீயையும் தேனடையையும் போட்டது. பப்புவா நியூகினி 1975-ல் தன் மிகச் சிறிய காசான ஒரு தோயாவில் பெரிய சிறகுடைய ஒரு வண்ணத்துப்பூச்சியைப் பொறித்தது. ஸ்லோவேனியா தனி நாடான கையோடு 1992-ல் ஐம்பது ஸ்டோடின் காசில் தேனீயை வைத்தது. இவை அநேகமாகச் சில்லறைகள் என்பதைக் கவனிக்க வேண்டும். பெரிய நாணயத்துக்கு ராஜாவின் தலை, சின்னக் காசுக்குப் பூச்சி! எப்படியும் சின்னக் காசுதான் சின்னப் பிள்ளைகளின் கைக்குப் போகிறது. லாட்வியா தேசத்தார் மட்டும் 2003-ல் ஒரு லாட் நாணயத்தில் எறும்பைப் போட்டார்கள். அந்த நாளில் ஒரு லாட் என்பது ஒரு யூரோவை விடவும் பெரிய பணம். எறும்புக்கு அவ்வளவு மரியாதை வேறு எங்கும் கிடைத்ததாக நான் அறியேன்.

இந்த வழக்கத்தின் ஊற்றைத் தேடிக்கொண்டு போனால் எபேசு நகரத்தில் போய் நிற்போம். இன்றைய துருக்கியின் மேற்குக் கரையில் இருந்த கிரேக்கப் பட்டணம் அது. நம் ஜில்லாவில் வேதப் புத்தகம் படிப்பவர்கள் மிகுதி. அவர்களுக்கு அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. பவுல் நிருபம் எழுதியது அந்த ஊர்க்காரர்களுக்குத்தான். அங்கே ஆர்ட்டெமிஸ் என்ற தேவிக்கு உலகப் பிரசித்தி பெற்ற கோவில் ஒன்று இருந்தது. 1904, 1905-ம் வருஷங்களில் பிரிட்டிஷ் பொருட்காட்சிச் சாலையார் அந்தக் கோவிலின் அடித்தளத்தைத் தோண்டியபோது, பொன்னும் வெள்ளியும் கலந்த உலோகத்தில் அடித்த தொண்ணூறுக்கும் மேற்பட்ட காசுகள் அகப்பட்டன. உலகத்தில் கிடைத்த மிகப் பழைய நாணயங்களில் அவை சேர்ந்தவை. மேற்கே நாணயத்தின் தொட்டில் ஏறக்குறைய ஒரு கோவில் வாசலில்தான் ஆடியிருக்கிறது.

அந்த எபேசு நகரத்தின் முத்திரை தேனீ. கிறிஸ்துவுக்கு முன் நான்காம் நூற்றாண்டில் அவர்கள் அடித்த பெரிய வெள்ளி நாணயத்தை ஒரு தடவை படத்தில் பார்த்தவர்கள் மறக்க மாட்டார்கள். ஏறக்குறைய பதினைந்து கிராம் வெள்ளி. சிறகை விரித்துக்கொண்டு தேனீ நட்டநடுவில் நிற்கும். இரு பக்கமும் ஊர்ப் பெயரின் முதல் இரண்டு எழுத்துக்கள். பின்பக்கத்தில் ஒரு கலைமானின் முன்பாதியும் ஒரு பேரீச்ச மரமும். கோவிலில் தொண்டு புரிந்த பெண்களுக்குத் தேனீக்கள் என்றே பெயர் இருந்ததாம். ஆண் அதிகாரிகளில் ஒரு சாராருக்கு அரசத் தேனீ என்று பொருள்படும் பட்டம். கூட்டின் தலைவன் ஒரு ராஜா என்றே பழைய கிரேக்கர்கள் நம்பினார்கள். பதினேழாம் நூற்றாண்டில் ஹாலந்து தேசத்து ஸ்வாம்மர்டாம் பூதக்கண்ணாடியை வைத்து அறுத்துப் பார்த்து, 'ராஜாவின் வயிற்றில் முட்டைப்பை இருக்கிறது' என்று காட்டிய பிறகுதான் ராஜா ராணியானார். இரண்டாயிரம் வருஷம் ஒரு ராணிக்கு மீசை வரைந்து வைத்திருந்தார்கள்!

எபேசுக்காரர்கள் தேனீயை வைத்ததில் ஆச்சரியமில்லை. தேன் கொடுக்கிற பிராணி. எனக்குப் பெரிய புதிராக இருப்பது மெட்டபாண்டம் என்ற ஊர். தெற்கு இத்தாலியில் கிரேக்கர்கள் குடியேறிய இடம். அங்கே வாற்கோதுமை விளைந்து கொழித்தது. ஆகவே நாணயத்தில் வாற்கோதுமைக் கதிரைப் பொறித்தார்கள். அதுவரை சரி. சில நாணயங்களில் அந்தக் கதிரின் பக்கத்தில், இலை மேல் ஒரு வெட்டுக்கிளி உட்கார்ந்திருக்கிறது!

நாஞ்சில் நாட்டு வயற்காரனுக்கு இதைக் காட்டினால் என்ன சொல்வான்? கன்னிப்பூவும் கும்பப்பூவும் விளைகிற மண் இது. கதிர் பால் பிடிக்கிற சமயத்தில் கதிர்நாவாய்ப் பூச்சி வந்து உட்கார்ந்து உறிஞ்சுகிறது. வரப்பில் நடந்தாலே அதன் நாற்றம் மூக்கில் ஏறும். மணியெல்லாம் பதராய்ப் போகும். அந்தப் பூச்சியை நெற்கதிரோடு சேர்த்துக் காசில் அடிக்கிறேன் என்று ஒரு சர்க்கார் சொன்னால், காசையும் சர்க்காரையும் சேர்த்து வாய்க்காலில் எறிந்துவிடுவான். மெட்டபாண்டத்தில் ஏன் எறியவில்லை? அதிகாரிக்கு அதிகாரி அடையாளம் வேண்டுமென்று சிறு சின்னங்களை மாற்றி மாற்றி வைத்தார்கள், அதில் ஒன்று வெட்டுக்கிளி, அவ்வளவுதான் என்கிறது ஒரு கட்சி. வெட்டுக்கிளித் தொல்லையிலிருந்து காக்கும்படி தெய்வத்தை வேண்டிக்கொண்டதன் ஞாபகம் என்கிறது இன்னொரு கட்சி. முதற் கட்சி சொல்வதே நியாயமாகப் படுகிறது. ஆனால் மனசு இரண்டாவது கட்சிக்குத்தான் ஓட்டுப் போடுகிறது. நாம் அம்மைக்கே அம்மன் என்று பெயர் வைத்தவர்கள் அல்லவா?

ரோமாபுரியில் அகஸ்டஸ் சக்கரவர்த்தியின் காலத்தில், சுமார் கி.மு. 19-ல், மார்க்கஸ் துர்மியஸ் என்ற நாணய அதிகாரி ஒரு பொற்காசு அடித்தார். அதில் ஒரு நண்டு தன் கொடுக்குகளால் ஒரு வண்ணத்துப்பூச்சியைப் பிடித்துக்கொண்டிருக்கிறது. 'மெதுவாக அவசரப்படு' என்பது அகஸ்டஸ் அடிக்கடி சொல்லும் வாக்காம். நண்டு மெதுவுக்கு, வண்ணத்துப்பூச்சி அவசரத்துக்கு என்று அர்த்தம் செய்கிறார்கள். நண்டு மெதுவா என்று கன்யாகுமரிக் கடற்கரையில் அதைத் துரத்திப் பார்த்தவர்களைக் கேட்க வேண்டும்.

அகஸ்டஸின் காசுகள் தமிழ்நாட்டுக்குப் புதியவை அல்ல. அவருடைய பேரன்மார் இருவரும் கேடயமும் ஈட்டியுமாக நிற்கிற வெள்ளிக் காசுகள் நம் மண்ணில் குவியல் குவியலாகக் கிடைத்திருக்கின்றன. வருஷந்தோறும் ஐந்து கோடி செஸ்டர்ஸ் பணத்தை இந்தியா உறிஞ்சிவிடுகிறது என்று பிளினி புலம்பியது பிரசித்தம். மிளகும் முத்தும் போயின, காசு வந்தது. வந்த காசை நம்மவர்கள் என்ன செய்தார்கள் தெரியுமா? புதுக்கோட்டைச் சீமையில் 1898-ம் வருஷம் ஒரு புதையல் அகப்பட்டது. 501 ரோமப் பொற்காசுகள். அவற்றில் பெரும்பாலானவற்றில் சக்கரவர்த்தியின் முகத்துக்குக் குறுக்கே உளியால் ஒரு வெட்டு! 'இனி இது காசு அல்ல, வெறும் தங்கம்' என்று யாரோ தீர்ப்பு எழுதியிருக்கிறார்கள். சக்கரவர்த்தியின் மூக்குக்கே அந்தக் கதி என்றால் வண்ணத்துப்பூச்சியின் சிறகு என்ன பாடு பட்டிருக்கும்!

நிற்க. பையன் கேட்டது நம் ஊர்க் காசைப் பற்றி. அங்கேதான் எனக்குச் சங்கடம்.

சேரனுக்கு வில், சோழனுக்குப் புலி, பாண்டியனுக்குக் கயல். 'தினமலர்' ஆசிரியராக இருந்த இரா. கிருஷ்ணமூர்த்தி சங்க காலத்துக் காசுகளைத் தேடித் தேடிச் சேர்த்து ஆராய்ந்தவர். பெருவழுதி என்று பெயர் பொறித்த செப்புக் காசை அவர் படித்துச் சொன்னபோது, சங்கப் பாடல்களைக் கட்டுக்கதை என்றவர்கள் வாயடைத்துப் போனார்கள். அந்தக் காசில் ஒரு பக்கம் குதிரை, மறு பக்கம் கோடாக வரைந்த மீன். மற்றக் காசுகளில் யானை உண்டு, காளை உண்டு, ஆமை உண்டு, மரம் உண்டு. ராஜராஜ சோழன் காசில் ராஜா நின்றுகொண்டு கையில் ஒரு பூவைப் பிடித்திருக்கிறார். பூ இருக்கிறதே, வண்டு எங்கே என்று பூதக்கண்ணாடி வைத்துத் தேடினேன். இல்லை.

காசில்தான் இல்லை. பாட்டில் பாருங்கள்! வண்டு, சுரும்பு, ஞிமிறு, தும்பி என்று தேன் உண்ணும் ஜாதிக்கே எத்தனை பெயர்! குறுந்தொகையின் இரண்டாம் பாட்டே ஒரு தும்பியைப் பார்த்துக் கேட்கிற கேள்விதான். அந்தப் பாட்டுக்குத்தான் பாண்டியன் தொங்கவிட்ட ஆயிரம் பொன் கிழி தருமிக்குக் கிடைத்தது என்று திருவிளையாடற் கதை. 1965-ல் வந்த திரைப்படத்தில் நாகேஷ் அழுது புலம்பியது யாருக்கு மறக்கும்? ஒரு தும்பியைப் பற்றிய பாட்டுக்கு ஆயிரம் பொன் கொடுத்த ராஜ்யம், அந்தப் பொன் ஒன்றிலாவது அந்தத் தும்பியைப் போட்டிருக்கக் கூடாதா? பாண்டியன் காசென்றால் கிழியை அவிழ்த்துக் கொட்டியபோது உள்ளேயிருந்து விழுந்ததெல்லாம் மீனாகத்தான் இருந்திருக்கும்.

இதில் இன்னொரு வேடிக்கை. சங்க காலத்துத் தும்பி தேனருந்துகிற வண்டு. இந்தப் பக்கத்தில் தும்பி என்றால் குளத்தில் பறக்கிற தட்டான். அந்தத் தட்டான் என்ற பெயரோ பொன்னைத் தட்டி வேலை செய்கிறவருக்கும் உண்டு. ஆகவே, தமிழ்நாட்டில் காசைப் பூச்சிதான் அடித்தது என்று பையனிடம் சொல்லித் தப்பித்துக்கொள்ளலாமா என்றுகூட ஒரு நிமிஷம் யோசித்தேன்.

சுசீந்திரம் கோவிலின் தல விருட்சம் கொன்றை. பழைய மரம்; எத்தனை பழையது என்று சொல்லப் புகுந்தால் ஊரார் ஆளுக்கொரு கணக்குச் சொல்வார்கள். கொன்றை மொட்டைச் சங்கப் புலவர் ஒருவர், பணக்கார வீட்டுக் குழந்தையின் பாதத்தில் கிடக்கும் கிண்கிணியிலுள்ள காசுக்கு ஒப்பிடுகிறார். அந்தக் காசு கடைக்குப் போகிற காசு அல்ல, காசு வடிவப் பொன்மணி. ஆக, தமிழில் காசும் குழந்தையும் பூவும் ஒரே அடியில் கூடியது இரண்டாயிரம் வருஷத்துக்கு முந்திய செய்தி. பூ என்றால் வண்டு தானாக வரும்; அதைத் தனியாகப் பொறிக்க வேண்டியதில்லை என்று விட்டுவிட்டார்களோ என்னவோ!

இந்திரன் சாபம் தீர்ந்து சுத்தியடைந்த இடம் சுசீந்திரம் என்பது தல புராணம். மழை பெய்ததும் மண்ணிலிருந்து செக்கச்செவேலென்று பட்டுப் போல ஊர்ந்து வருகிற தம்பலப்பூச்சிக்கு வடமொழியில் இந்திரகோபம் என்று பெயர். இந்திரன் ஊரில் இந்திரன் பூச்சியைக் காசில் போட்டிருந்தால் எத்தனை பொருத்தம்! ஆனால் தம்பலப்பூச்சிக்குக் கால் எட்டு. சாஸ்திரப்படி அது பூச்சியே அல்ல, சிலந்திக்கு உறவு. என் பேரன் கால்களை எண்ணாமல் விடமாட்டான்.

சோழரும் பாண்டியரும் போய், சுசீந்திரம் திருவிதாங்கூரின் கைக்குள் வந்த பிறகு இங்கே நடமாடிய காசைப் பற்றிச் சற்று நின்று சொல்ல வேண்டும். பதினாறு காசு ஒரு சக்கரம். நாலு சக்கரம் ஒரு பணம். ஏழு பணம் ஒரு ரூபாய். இந்த ரூபாய் சமஸ்தானத்து ரூபாய். இதற்கு இருபத்தெட்டுச் சக்கரம். ஆரல்வாய்மொழிக்கு அப்பால் செல்லும் பிரிட்டிஷ் ரூபாய்க்கோ இருபத்தெட்டரைச் சக்கரம். அந்த அரைச் சக்கரத்துக்காக எல்லைச் சந்தைகளில் எத்தனை வாய்ச்சண்டை நடந்திருக்கும்! என் ஆச்சி கடைசி வரைக்கும் பணத்தைச் சக்கரம் என்றுதான் சொன்னாள். "கையிலே சக்கரம் இல்லாம கலியாணம் பேசப் போனானாம்" என்பாள்.

பழைய வெள்ளிச் சக்கரம் அரை கிராமுக்கும் குறைவான எடை. மிளகைக் கல்லில் வைத்துத் தட்டினாற்போல இருக்கும். விரலால் பிடிக்க முடியாது. நகத்தால் எடுக்க வேண்டும். பெரிய தொகையை எண்ண நேர்ந்தால் பொழுது விடிந்துவிடும். அதற்காக நம் முன்னோர்கள் கண்டுபிடித்த உபகரணந்தான் சக்கரப் பலகை. கைப்பிடி வைத்த ஒரு மரப்பலகை. அதன் மேல் சக்கரம் ஒன்று அடங்கும் அளவுக்குச் சின்னச் சின்னக் குழிகள் வரிசை வரிசையாக இருக்கும். ஒரு கை சக்கரத்தை அள்ளிப் போட்டுப் பலகையை மெல்ல ஆட்டினால் குழிக்கு ஒன்றாகப் போய் உட்கார்ந்துகொள்ளும். மிச்சத்தை வழித்துவிட்டால், பலகையில் எத்தனை குழியோ அத்தனை சக்கரம். தேனடையை எங்கே பார்த்தாலும் எனக்கு இந்தப் பலகையின் ஞாபகம் வரும். பூச்சியைக் காசின் மேல் பொறிக்காவிட்டாலும், காசையே பூச்சி போலாக்கிக் கூட்டில் அடைத்தார்கள்.

அந்தக் காசுகளின் முத்திரை சங்கு. மார்த்தாண்ட வர்ம மகாராஜா 1750-ல் ராஜ்யத்தைப் பத்மநாப சுவாமியின் பாதத்தில் ஒப்படைத்துவிட்டார்; ஆகவே சுவாமியின் சங்கே ராஜ்யத்தின் சின்னம். ஊதுகிற சங்காகவே நாம் அதைப் பார்க்கிறோம். உள்ளே ஒரு பிராணி வாழ்ந்தது என்ற நினைவு நமக்கு வருவதில்லை. தூத்துக்குடிக் கடலில் குளித்துச் சங்கெடுப்பவர்கள்தான் அதன் சதை, நாற்றம், ஓட்டின் மேல்தோல் எல்லாம் அறிவார்கள். திருவிதாங்கூர்க் காசில் ஒரு சிறு பிராணிக்கு இடம் கிடைத்தது. வீடு மட்டும் கிடைத்தது, குடியிருந்தவனைக் காலி செய்துவிட்டார்கள்.

சக்கரத்தைப் பற்றி இன்னொன்று சொல்லாமல் போனால் இந்தக் கட்டுரை வெறும் பொழுதுபோக்காகிவிடும். சங்கு முத்திரை போட்ட அந்தக் காசுக்கு எந்தத் தெருவும் அடைத்திருக்கவில்லை. வயலில் களை பறித்தவர்களின் கையிலிருந்து கடைக்காரர் கைக்கு வந்தது. அங்கிருந்து வரியாகச் சர்க்கார் கஜானாவுக்குப் போயிற்று. காணிக்கையாகக் கோவிலுக்குள்ளும் போயிற்று. அதைத் தொட்டால் தீட்டு என்று ஒருவரும் தூக்கி எறிந்ததில்லை. ஆனால் களை பறித்தவர்கள், இதே சுசீந்திரத்தில், கோவிலைச் சுற்றியுள்ள வீதிகளில் நடக்க முடியாது. வீதிக்காக 1926-ல் இங்கே சத்தியாக்கிரகம் நடந்தது. வைக்கத்துக்கு அடுத்தபடியாக இந்தப் பெயர் பத்திரிகைகளில் அடிபட்டது. 1930-ல் மறுபடியும் தொண்டர்கள் வீதியில் இறங்கினார்கள். 1936 நவம்பர் 12-ந் தேதி சித்திரைத் திருநாள் மகாராஜா கோவில் நுழைவுப் பிரகடனம் வெளியிட்ட பிறகுதான் கதவு திறந்தது. அதுவரைக்கும் அவர்களுடைய சக்கரம் உள்ளே இருந்தது, அவர்கள் வெளியே இருந்தார்கள். கொன்றை மரத்துக்கு வந்து போன வண்டையும் ஒருவரும் என்ன ஜாதி என்று கேட்கவில்லை. அந்த நாளில் வீதி முனையில் நின்று கோபுரத்தை மட்டும் பார்த்துவிட்டுத் திரும்பிய ஒரு கிழவர் எங்கள் வயலில் வேலை செய்தார். 1936-க்குப் பிறகு முதல் முறை உள்ளே போனபோது என்ன பார்த்தீர் என்று நான் சிறுவனாக அவரைக் கேட்டிருக்கிறேன். "காளை பெரிசா இருந்திச்சு" என்றார். அவ்வளவுதான் சொன்னார்.

1949 ஜூலையில் திருவிதாங்கூரும் கொச்சியும் ஒன்றாயின. சக்கரமும் காசும் வழக்கொழிந்து, அணா வந்தது. 1956 நவம்பர் முதல் தேதி தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு தாலுகாக்களும் சென்னை ராஜ்யத்தோடு சேர்ந்தன. ஐந்து மாதம் கழித்து, 1957 ஏப்ரல் முதல் தேதி நயா பைசா! பத்து வருஷத்துக்குள் ஒரே ஊரில், ஒரே கிழவி மூன்று விதமான கணக்கில் மோர் விற்றிருக்கிறாள். நாணயப் பேராசிரியர்கள் அவளைப் பேட்டி காணாமல் விட்டது பெரிய நஷ்டம்.

வெள்ளிச் சக்கரங்கள் எங்கே போயின? கொலுசாகவும் குங்குமச் சிமிழாகவும் போயின. உருகுவதுதான் காசின் தலைவிதி. பிரெஞ்சுக்காரர்களின் கதை ஒன்று இதைவிட மோசம். தூர்னே என்ற ஊரில் 1653-ல் ஒரு கொத்தனார் அஸ்திவாரம் தோண்டும்போது ஒரு சமாதி வெளிப்பட்டது. ஐந்தாம் நூற்றாண்டில் இறந்த ஷில்தெரிக் என்ற பிராங்கு ராஜாவுடையது. உள்ளே பொன்னும் வெள்ளியுமான ரோம நாணயங்கள். அவற்றோடு சிவப்புக் கல் பதித்த சுமார் 300 பொன் தேனீக்கள். தேனீ அல்ல, சிள்வண்டு என்பாரும் உண்டு. நெப்போலியன் 1804-ல் சக்கரவர்த்தியாக முடிசூடியபோது, பழைய ராஜவம்சத்தின் லில்லிப் பூ வேண்டாம், அதைவிடப் பழைய சின்னம் வேண்டும் என்று இந்தத் தேனீக்களைத் தன் அங்கியில் தைத்துக்கொண்டார். 1831-ல் பாரிஸ் நூலகத்தில் திருடர்கள் புகுந்தார்கள். தேனீக்களை உருக்கிவிட்டார்கள். எஞ்சியவை இரண்டே இரண்டு. ஆயிரத்து நூறு வருஷத்துக்கு மேல் மண்ணுக்குள் பத்திரமாக இருந்தவை, கண்ணாடிப் பேழைக்குள் வந்து அழிந்தன.

எல்லாவற்றையும் படித்து முடித்த பிறகுதான் எனக்கு உறைத்தது. பையன் கேட்ட நாணயம் நம் ஊரில் இருந்தது. நானே வைத்திருந்தேன்!

பொன்வண்டைச் சொல்கிறேன். எங்கள் பள்ளிக்கூட நாட்களில், மழைக்காலம் வந்தால் உடைமரத்தடிகளில்தான் எங்களைக் காணலாம். முதுகு மரகதப் பச்சை, கழுத்தில் தாமிர மினுமினுப்பு. திருப்பிப் பிடித்தால் வேறு நிறம். தீப்பெட்டிக்குள் உடைமரத் தளிரைப் பரப்பி அதை வைப்போம். காலையில் திறந்து பார்த்தால் அரிசிமணி போல முட்டை இட்டிருக்கும். முதல் போட்ட பணம் வட்டி போட்டுக் குட்டி போடுவதைக் கண்ணால் பார்த்தது அங்கேதான். ஒரு பொன்வண்டுக்கு நாலு கோலி, முட்டையிடுகிறதென்றால் ஆறு. சிலேட்டுக் குச்சியாகக் கேட்டால் முழுக் குச்சி இரண்டு. செத்த வண்டுக்கும் மதிப்பு உண்டு, ஏனென்றால் அதன் சிறகோடு வாடுவதில்லை, மங்குவதில்லை. சர்க்கார் நயா பைசாவை அறிமுகப்படுத்தியபோது பெரியவர்கள் தடுமாறினார்கள். எங்கள் நாணய முறையில் மட்டும் ஒரு குழப்பமும் ஏற்படவில்லை.

எங்களைவிடக் கெட்டிக்காரர்கள் அதற்கு முந்தியே இருந்திருக்கிறார்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டில் சென்னை முதலிய இடங்களில் மஸ்லின் துணியில் ஜரிகையோடு பொன்வண்டின் சிறகைத் தைத்துச் சீமைக்கு அனுப்பினார்கள். வெள்ளைக்காரச் சீமாட்டிகள் விருந்துக்கு அதை உடுத்திக்கொண்டு போனார்கள். 1888-ல் எல்லன் டெர்ரி என்ற நடிகை லேடி மாக்பெத் வேஷத்துக்கு இப்படி ஆயிரம் சிறகு தைத்த உடையில் மேடை ஏறினார். அந்தக் கோலத்தில் ஸார்ஜென்ட் தீட்டிய அவருடைய படம் பிரசித்தமானது. தீப்பெட்டி ஒன்றுக்கு ஒரு வண்டு என்று சேர்த்த எங்களுக்கு, ஆயிரம் சிறகு என்பது குபேர சம்பத்து.

பொங்கலுக்கு மறுபடியும் சுசீந்திரம் போனேன். தங்கை வீட்டுப் பரணில் தேடியபோது, பழைய ஓலைப்பெட்டிக்கு அடியில் எங்கள் வீட்டுச் சக்கரப் பலகை கிடைத்தது. ஒரு மூலையைச் செல் அரித்திருந்தது. பையன் தன் ஆஸ்திரேலிய வண்டை அதன் மேல் வைத்து ஆட்டினான். அது ஒன்பது குழிகளை மூடிக்கொண்டு வழுக்கியது. எந்தக் குழியிலும் இறங்கவில்லை. பிறகு பொன்வண்டுக் கதையைச் சொன்னேன். தீப்பெட்டி, தளிர், முட்டை, கோலி விலை எல்லாவற்றையும் கவனமாகக் கேட்டான். தோட்டத்துப் பக்கம் போய் வேலியோரத்து உடைமரத்தை அண்ணாந்து பார்த்துவிட்டு வந்தான். பருவம் போய்விட்டது, மழை வரட்டும் என்றேன்.

"பாட்டா, இந்த வண்டுத் துட்டுக்கு எத்தனை பொன்வண்டு தருவிய?"

"நாலு."

"அஞ்சு. அதுல ஒண்ணு முட்டை போடணும்" என்று சொல்லிவிட்டு, அட்டையைச் சட்டைப் பைக்குள் வைத்துப் பொத்தானைப் போட்டுக்கொண்டான்.